புது ஊசி மட்டும் போதுமா? பச்சை குத்தும் இடத்திலும் காது குத்தும் இடத்திலும் ரத்தவழித் தொற்றைத் தடுப்பது

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடையில் காது, மூக்கு குத்திவிடும் வேலை. நண்பர் ஒருவர் டாட்டூ கடையில் நாற்காலியை வாடகைக்கு எடுத்துப் பச்சை குத்தத் தொடங்குகிறார். "ஆளுக்கொரு புது ஊசிதான் பயன்படுத்துகிறோம். அதற்குமேல் என்ன செய்ய வேண்டும்? கடையில் இருக்கும் யூவி பெட்டி போதுமா? ஆட்டோகிளேவ் வாங்கியே ஆகவேண்டுமா? ஊசி நம் விரலில் ஏறிவிட்டால் எங்கே போவது?"

நான்குக்கும் முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். புது ஊசி கட்டாயம். ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. ஊசியை மாற்றிய பிறகும் ரத்தம் அடுத்தவரிடம் போய்ச்சேர மிஞ்சியிருக்கும் முக்கிய வழி, குத்துபவரின் கை. யூவி பெட்டி (புற ஊதா ஒளிப் பெட்டி) ஒரு கருவியையும் முழுமையாகக் கிருமிநீக்கம் செய்யாது. ஆட்டோகிளேவ், அதாவது அழுத்த நீராவியால் கிருமிநீக்கும் இயந்திரம், எல்லாவற்றையும் ஒருமுறைப் பொருளாக வாங்கினால் தேவையே இல்லை. ஊசி விரலில் ஏறினால் சில மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

இனி விவரமாக.

ரத்தவழியாகப் பரவுவதில் கவனிக்க வேண்டியவை மூன்று: ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி (இரண்டும் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றுகள்), எச்.ஐ.வி. எல்லாரும் அஞ்சுவது எச்.ஐ.வி.க்கு. இந்தத் தொழிலில் முதலில் அஞ்ச வேண்டியது ஹெபடைட்டிஸ் பி-க்கு. உலர்ந்த ரத்தத்தில் அது குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும். கண்ணுக்குக் கறையே தெரியாத அளவு ரத்தம் போதும். ஊசி குத்தும் விபத்தில் தடுப்பாற்றல் இல்லாத ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு வரை. ஹெபடைட்டிஸ் சி-க்கு அது 2 விழுக்காட்டுக்கும் கீழே, எச்.ஐ.வி.க்கு ஏறத்தாழ 0.3 விழுக்காடு. இந்தக் கணக்குகள் மருத்துவமனைகளில் நடந்த விபத்துகளிலிருந்து வந்தவை. டாட்டூ ஊசி துளையில்லாத ஊசி, அதனால் ரத்தத்தைக் குறைவாகவே ஏந்தும். ஆனால் காது, மூக்கு குத்தும் ஊசி நடுவில் துளையுள்ளது; துளைக்குள் ரத்தம் தங்கும். அந்த வகையில் உங்கள் நகைக்கடை வேலை, நண்பரின் வேலையைவிட மருத்துவமனைக்கு நெருக்கமானது.

வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து யாரிடம் கிருமி இருக்கிறது என்று சொல்ல முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேருக்கு நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி இருந்தது; அவர்களில் தமக்கு இருப்பதை அறிந்தவர்கள் 13 விழுக்காட்டினர் மட்டுமே. ஆகவே படிவத்தில் "உங்களுக்கு எச்.ஐ.வி. உண்டா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்பவரிடம் சற்று அசட்டையாக வேலை செய்வது ஆபத்தான பழக்கம். உண்மையைச் சொன்னவரை அது விரட்டும். அறியாதவரை உள்ளே விடும். எல்லாருடைய ரத்தத்திலும் கிருமி உண்டு என்று வைத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் வேலை செய்யுங்கள். படிவத்தில் கேட்க வேண்டியவை வேறு: ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறாரா, நீரிழிவு உண்டா, உலோகம் அல்லது லேட்டக்ஸ் ஒவ்வாமை உண்டா, குடித்திருக்கிறாரா. ரத்தம் எவ்வளவு வரும், புண் எப்படி ஆறும் என்பதை இவை சொல்லும்.

உங்களுக்கான முதல் வேலை கடையில் இல்லை, மருந்தகத்தில் (கிளினிக்கில்). சிங்கப்பூரில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடும் திட்டம் 1987-ல் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களும் வெளிநாட்டில் பிறந்து இங்கே வேலைக்கு வந்தவர்களும் போட்டிருக்கிறோம் என்று தாமாகவே முடிவுகட்டக் கூடாது. பலதுறை மருந்தகத்திலோ அக்கம்பக்கத்து மருந்தகத்திலோ ரத்தப் பரிசோதனை செய்து, தடுப்பாற்றல் இல்லையென்றால் 3 தவணை ஊசி போட்டுக்கொள்ளுங்கள்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். பெரியவர்களுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இருப்பதால் தகுதியுள்ளவர்கள் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தைப் பயன்படுத்தலாம். பலர் விட்டுவிடுவது அடுத்த படியை: கடைசி ஊசிக்குப் பிறகு 1 முதல் 2 மாதத்துக்குள் மறுபடி ரத்தம் கொடுத்து, தடுப்பாற்றல் அளவு 10 அலகைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலருக்கு ஊசி போட்டும் உடம்பு எதிர்ப்புத்திறனை உருவாக்குவதில்லை. ஊசி குத்திய இரவில் மருத்துவர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். பரிசோதனையில் உங்களுக்கே தொற்று இருப்பதாகத் தெரிந்தால் தொழில் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கல்லீரல் மருத்துவரின் தொடர் கவனிப்பில் இருந்துகொண்டு, கீழே சொல்லும் ஒழுங்குகளைக் கைவிடாமல் வேலை செய்யலாமா, எந்தக் கட்டுப்பாட்டோடு செய்யலாம் என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஹெபடைட்டிஸ் சி-க்கும் எச்.ஐ.வி.க்கும் தடுப்பூசி இல்லை. அங்கே காப்பது வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

நண்பரின் டாட்டூ மேசைக்கு வருவோம். ஊசி தோலுக்குள் போவது 1 முதல் 2 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான குத்து. ஒவ்வொரு குத்திலும் ரத்தமும் மையும் கலந்து மேலே வரும். அதை டிஷ்யூவால் துடைப்பார். அந்த ஒரு துடைப்பைக் கூர்ந்து பாருங்கள்: இடது கை டிஷ்யூ சுருளுக்குப் போகிறது, ஒரு தாளைக் கிழிக்கிறது, பச்சைச் சோப்புக் குப்பியை அழுத்துகிறது, தோலைத் துடைக்கிறது, மறுபடி சுருளுக்குப் போகிறது. இரண்டாவது முறை சுருளைத் தொடும்போது கையுறையில் ரத்தம் இருக்கிறது. வாடிக்கையாளர் போன பிறகு கையுறையும் ஊசியும் குப்பைக்குப் போகும். சுருள் மேசையிலேயே இருக்கும். அடுத்தவரின் முதல் துடைப்பு அந்தச் சுருளிலிருந்துதான் வரும். புது ஊசியின் பயன் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது.

இதற்கு மருந்து, தொடங்குமுன்பே எல்லாவற்றையும் எண்ணி எடுத்து வைப்பது. டிஷ்யூத் தாள்களை முன்கூட்டியே கிழித்து அடுக்குங்கள். போதாது என்று தோன்றினால் இன்னும் இருபது கிழியுங்கள். மைக் கிண்ணங்களைத் தட்டில் சிறிது வாசலின் வைத்து நிறுத்தி, தேவையான மையை அப்போதே ஊற்றுங்கள். குப்பியின் வாய் கிண்ணத்தைத் தொடக்கூடாது. வாசலினை டப்பாவிலிருந்து விரலால் எடுக்காமல் மரக்குச்சியால் எடுத்துத் தட்டில் வையுங்கள். அதே குச்சி மறுபடி டப்பாவுக்குள் போகக்கூடாது. நடுவில் மை தீர்ந்தால் கையுறையைக் கழற்றி, கை சுத்தம் செய்து, குப்பியை எடுத்து ஊற்றி, புதுக் கையுறை போட வேண்டும். இந்தச் சிரமத்தை இரண்டு முறை பட்டவர் மூன்றாம் முறை சரியாகக் கணக்குப் போட்டு ஊற்றுவார். மீந்த மையைக் குப்பிக்குத் திருப்புவது எந்தச் சூழ்நிலையிலும் கிடையாது.

மூட வேண்டியவற்றின் பட்டியல் நீளம்: இயந்திரம், அதன் கம்பி, மின்பெட்டியின் பொத்தான், சோப்புக் குப்பி, விளக்கின் கைப்பிடி, கை வைக்கும் திண்டு, நாற்காலியின் நெம்புகோல், படம் பார்க்கும் டேப்லெட். இவற்றுக்கென்றே பிளாஸ்டிக் உறைகளும் ஒட்டுத் தாள்களும் கிடைக்கின்றன, ஒவ்வொருவருக்கும் புதிது. கைப்பேசியை மூடுவதைவிட எட்டாத இடத்தில் வைப்பது மேல். சோப்பைத் தோல்மீது தெளிக்காமல் டிஷ்யூவில் நனைத்துத் துடையுங்கள். ரத்தம் இருக்கும் இடத்தில் தெளித்தால் துளிகள் எழும்பிக் கண்ணுக்கும் மேசைக்கும் போகும். ஸ்டென்சில் (படத்தின் அச்சுத் தாள்) ஒட்டுவதற்காக டியோடரன்ட் கட்டியை நேரடியாகத் தோலில் தேய்க்கும் பழைய வழக்கத்தை நிறுத்த வேண்டும். சவரம் செய்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும், அதே கட்டி அடுத்தடுத்த ஆளுக்குப் போகும். சவரக் கத்தியும் ஒருமுறைதான், அதுவும் ஊசிப் பெட்டிக்குள்தான்.

கார்ட்ரிஜ் ஊசி (பிளாஸ்டிக் கூட்டோடு இயந்திரத்தில் மாட்டும் ஊசி) வாங்கும்போது உள்ளே சவ்வு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். ஊசி மேலும் கீழும் போகும்போது ரத்தமும் மையும் பின்னால் ஏறிப் பிடிக்குள்ளும் இயந்திரத்துக்குள்ளும் போகாமல் தடுப்பது அந்தச் சவ்வு. இல்லாத மலிவு கார்ட்ரிஜில் திரவம் மோட்டார்வரை போகும். மோட்டாரை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. புது ஊசி மாட்டினாலும் பழைய ஆளின் ரத்தம் பிடியிலிருந்து இறங்கும். புருவத்துக்கு நிரந்தர ஒப்பனை செய்யும் பேனா இயந்திரங்களுக்கும் இதே விதி. பொட்டலத்தில் கிருமிநீக்கக் குறியீடு நிறம் மாறியிருக்கிறதா, காலாவதித் தேதி, கிழிசல் மூன்றையும் பார்த்து, தொகுதி எண்ணை வாடிக்கையாளரின் படிவத்தில் எழுதுங்கள். பிறகு ஒரு தொகுதி சரியில்லை என்று தெரிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது உடனே தெரியும்.

கையுறை நைட்ரைல் வாங்குங்கள். லேட்டக்ஸ், வாசலின் பட்டால் நைந்து ஓட்டை விழும். எந்தக் கையுறையிலும் நுண்ணிய ஓட்டை இருக்கலாம் என்பதால்தான் கழற்றிய பிறகு கை கழுவச் சொல்வது, வியர்வைக்காக இல்லை. கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர்புகாப் பிளாஸ்திரி போட்டு அதன்மேல் கையுறை. மேசைப் பக்கம் கோப்பியோ தண்ணீரோ வேண்டாம்.

ரத்தவழித் தொற்று இல்லையென்றாலும் சேர்த்துச் சொல்ல வேண்டியது மை கலக்கும் தண்ணீர். 2011-ன் கடைசியிலும் 2012-ன் தொடக்கத்திலும் நியூயார்க் மாநிலம் ரோசெஸ்டரில் பச்சை குத்திக்கொண்ட பலருக்குத் தோலில் மைக்கோபாக்டீரியம் கெலோனே என்ற கிருமி தொற்றியது. முன்கலந்து விற்ற சாம்பல்நிற மைதான் காரணம். குழாய்த் தண்ணீரிலும் சாதாரண டிஸ்டில்டு தண்ணீரிலும் இந்த இனக் கிருமிகள் இருக்கலாம். சாம்பல் நிறம் வேண்டுமானால் கிருமிநீக்கிய தண்ணீர்ப் பொட்டலத்தை உடைத்து அந்த ஆளுக்கு மட்டும் கலக்குங்கள்.

வேலை முடிந்த பிறகு செய்வதன் வரிசை முக்கியம். முதலில் ஊசி, குத்தியவர் கையாலேயே பெட்டிக்குள். பிறகு உறைகளை உட்புறம் வெளியே வருமாறு சுருட்டி எடுங்கள். கையுறையைக் கழற்றிக் கை கழுவி, புதுக் கையுறை போட்டு மேசையைத் துடையுங்கள். அழுக்குக் கையுறையோடு துடைக்கத் தொடங்கினால் துடைப்பதற்கு அர்த்தமே இல்லை.

இப்போது நகைக்கடை. பல கடைகளில் இன்னும் காது குத்தும் துப்பாக்கி இருக்கிறது. அதன் பிளாஸ்டிக் உடம்பு ஆட்டோகிளேவ் சூட்டைத் தாங்காது. ஆல்கஹால் துணியால் துடைத்துவிட்டு அடுத்த குழந்தையின் காதில் வைக்கிறார்கள். தோடு தோலைத் துளைக்கும்போது சிதறும் ரத்தத் துளி துப்பாக்கியின் இடுக்குகளில் படியும். தோட்டின் முனை ஊசியைப்போல் கூர்மையும் இல்லை. அது தசையை நசுக்கிக்கொண்டு போகிறது. மடலில் அது எப்படியோ ஆறிவிடும், குருத்தெலும்பில் ஆறுவது கடினம். மூக்குக்குத் துப்பாக்கி வைக்கவே கூடாது. துப்பாக்கிதான் வேண்டும் என்று முதலாளி சொன்னால், காதைத் தொடும் பாகம் முழுவதும் தோடோடு சேர்ந்து பொட்டலத்தில் வந்து, குத்தியபின் முழுவதும் குப்பைக்குப் போகும் வகையை வாங்கச் சொல்லுங்கள். நல்லது துளையுள்ள ஊசி.

ஊசியால் குத்துவதில் விபத்து நடக்கும் இடம் ஒன்றுதான்: காதின் பின்னால் வைக்கும் உங்கள் விரல். குழந்தை தாயின் மடியில் இருக்கும். ஊசி ஏறியதும் தலையைத் திருப்பும். ஊசி மடலைத் தாண்டி உங்கள் ஆள்காட்டி விரலுக்குள் போகும். பின்னால் விரலுக்குப் பதிலாக ஊசியை வாங்கிக்கொள்ளும் குழாயை வையுங்கள். ஒருமுறைக் குழாய்கள் கிருமிநீக்கிய பொட்டலத்தில் கிடைக்கின்றன. கார்க்கை வைக்கும் வழக்கமும் உண்டு, ஆனால் பையிலிருந்து எடுத்த கார்க் கிருமிநீக்கப்பட்டது இல்லை. தாய் பிடிப்பது போதாது. குழந்தையின் தலையைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். அவருக்கும் கையுறை.

புள்ளி வைக்கும் பேனாவை யாரும் சந்தேகிப்பதில்லை. ஒரு காது குத்தியதும் மறு காதின் புள்ளி ஒருபக்கமாகத் தெரிகிறது, பேனாவை எடுத்துத் திருத்துகிறார்கள். அதற்குள் கையுறையில் ரத்தம். பேனா மறுபடி டப்பாவுக்குப் போகிறது. ஒருமுறைப் பேனா, இல்லையென்றால் கிருமிநீக்கிய குச்சியில் ஜென்ஷன் வயலெட் (ஊதாச் சாயம்) தொட்டுப் புள்ளி.

பாட்டி போட்ட தோட்டைக் கொண்டுவந்து "இதையே போட்டுவிடுங்கள்" என்பார்கள். அந்த ஆசையை மதிக்க வேண்டும்; ஆனால் புதுக் காயத்துக்குள் போகும் பொருள் கிருமிநீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். கல் வைக்காத கெட்டித் தங்கத்தைச் சோப்பு, மென்மையான பிரஷ் கொண்டு கழுவி, ஆட்டோகிளேவ் வசதி இருந்தால் அதில் வைக்கலாம். திருகாணியின் மரைக்குள்தான் அழுக்கும் காய்ந்த ரத்தமும் இருக்கும், அதைக் கழற்றி மரையோடு தேய்க்க வேண்டும். முத்து, பவளம், மரகதம், ஒட்டுப் பசையில் நிற்கும் கல் எதுவும் அந்த நீராவியைத் தாங்காது. அப்படிப்பட்ட தோடென்றால் பொட்டலத்தில் வந்த கிருமிநீக்கிய தோட்டால் குத்தி, மடல் ஆறிய 6 முதல் 8 வாரத்துக்குப் பிறகு பாட்டியின் தோட்டை மாட்டச் சொல்லுங்கள். கைக்குழந்தை என்றால் இன்னும் ஒரு யோசனை: ஹெபடைட்டிஸ் பி தவணைகள் முடியும் ஆறாம் மாதம்வரை பொறுத்துக் குத்தினால் பாதுகாப்பு அதிகம்.

விற்பனை மேசையில் தோட்டைத் துளையில் நுழைத்துப் போட்டுப் பார்க்க விடுவதும் இதே பிரச்சினைதான். புண்ணான துளை என்றால் கம்பியில் ரத்தம் ஒட்டும். காதருகே பிடித்துக் கண்ணாடியில் காட்டுங்கள்.

தைப்பூசம் நெருங்கும்போது அலகு குத்துபவர்களும் இதையே கேட்கிறார்கள். ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் காவடி கட்டும் விடியற்காலையில் நேரம் குறைவு, இடம் நெருக்கம். அங்கும் ஆபத்து கையில்தான்: குத்திய கை விபூதித் தட்டுக்குப் போய், ஒரு சிட்டிகை எடுத்து, அடுத்தவரின் கன்னத்துக்குப் போகிறது. குத்துபவர் ஒருவர், விபூதி இடுபவர் இன்னொருவர் என்று பிரித்துக்கொண்டால் இந்த வழி அடைபடும். ஒவ்வொரு பக்தருக்கும் அவருடைய அலகு மட்டுமே. ஆளுக்கு ஆள் கையுறை மாற்றம். எஃகு அலகாக இருந்தால் முன்பே கழுவிப் பையிலிட்டு ஆட்டோகிளேவ் செய்து, பையைக் குத்தும் நேரத்தில் திறக்கலாம். கழற்றும்போதுதான் ரத்தம் அதிகம் வரும். அங்கும் கையுறையும், அலகைப் போட ஒரு கெட்டிப் பெட்டியும் வேண்டும்.

ஆட்டோகிளேவ் பற்றி. உங்கள் கடைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. ஊசி, இடுக்கி, வாங்கும் குழாய், தோடு எல்லாமே கிருமிநீக்கிய ஒருமுறைப் பொட்டலங்களாகக் கிடைக்கும்போது, சரியாகப் பராமரிக்காத ஆட்டோகிளேவ் பொய்யான தைரியம் தருவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. எஃகுப் பிடியையோ இடுக்கியையோ திரும்பப் பயன்படுத்தியே தீருவோம் என்றால் பி (B) வகை இயந்திரம் வாங்குங்கள். அது முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் நீராவியை விடும். ‘N’ வகை இயந்திரத்தில் காற்று முழுதாக வெளியேறாது. பையிலிட்ட பொருளுக்கும் துளையுள்ள பிடிக்கும் அது உதவாது. வீட்டுக் குக்கரிலும் ஏறத்தாழ 120 டிகிரி வருமே என்று கேட்பவர்கள் உண்டு. சூடு வரும், ஆனால் துளைக்குள் மாட்டிய காற்று அங்கேயே இருக்கும், பை நனைந்தே வெளியே வரும், சூடு எவ்வளவு நேரம் நின்றது என்பதற்குச் சான்று இல்லை.

கிருமிநீக்கத்துக்கு முன் கழுவல். ரத்தம் காய்ந்த கருவியை நீராவியில் வைத்தால் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும், அதன் அடியில் கிருமி பிழைக்கும். பயன்படுத்தியவுடன் என்சைம் கரைசலில் ஊறவையுங்கள். தடித்த ரப்பர் கையுறையும் கண்கவசமும் போட்டுத் தண்ணீருக்கு அடியிலேயே பிரஷால் தேயுங்கள். குழாயடியில் தேய்த்தால் தெறிக்கும். அல்ட்ராசோனிக் தொட்டியை (ஒலியதிர்வால் கழுவும் தொட்டி) மூடியோடு ஓட்டுங்கள். அலசி, உலர்த்தி, ஒளியில் பார்த்து, பையிலிட்டுத் தேதி எழுதுங்கள். 121 டிகிரியில் 15 நிமிடம், 134 டிகிரியில் 3 நிமிடம் என்பது உள்ளே அந்தச் சூடு வந்தபின் நிற்க வேண்டிய நேரம். சூடேறும் நேரமும் உலரும் நேரமும் தனி. பைகளைத் திணிக்கக்கூடாது. ஈரமாக வந்த பை கிருமிநீக்கப்பட்டதாகக் கணக்கில்லை. ஈரக் காகிதம் வெளிக்கிருமியை உள்ளே உறிஞ்சும். பையில் நிறம் மாறும் கோடு, சூடு பட்டது என்பதை மட்டும் சொல்லும். கிருமி செத்ததா என்று சொல்வது ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் வித்துகள் உள்ள சோதனைக் குப்பி. வாரம் ஒன்று வைத்து முடிவைப் பதிவேட்டில் ஒட்டுங்கள்.

யூவி பெட்டியின் ஒளி, நேராகப் படும் பரப்பை மட்டுமே தொடும். இடுக்கியின் பல்லுக்கும் கீலுக்கும் போகாது. சுத்தமான பொட்டலங்களை வைக்கும் அலமாரியாக வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம். கருவியைக் கொதிநீரில் போடுவதும் டெட்டால் தண்ணீரில் ஊறவைப்பதும் கிருமிநீக்கம் இல்லை.

மேசைக்கும் தரைக்கும் ப்ளீச் போதும். ரத்தம் சிந்தினால் முதலில் தாளால் ஒற்றி எடுங்கள், ஏனென்றால் ரத்தம் ப்ளீச்சின் வலுவைத் தின்றுவிடும். பிறகு 5 விழுக்காட்டு ப்ளீச் 50 மில்லிக்கு 450 மில்லி தண்ணீர். இது 5,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 5,000 பங்கு) வரும். ஊற்றி 10 நிமிடம் ஈரமாகவே விட்டுத் துடையுங்கள். குப்பியில் எத்தனை விழுக்காடு என்று படித்துக் கணக்குப் போடுங்கள். கரைசலை அன்றன்று கலக்க வேண்டும். கழிவறை அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். 70 விழுக்காடு ஆல்கஹால் குளிரூட்டி ஓடும் அறையில் நிமிடத்துக்குள் ஆவியாகிவிடும். ரத்தக் கறைக்கு அது ஏற்றதில்லை.

ஊசிப் பெட்டி, குத்துபவரின் கையெட்டும் தூரத்தில், கண்மட்டத்துக்குக் கீழே, ஆடாத மேசைமேல் இருக்க வேண்டும். மூடியை ஊசிக்குத் திரும்பப் போடுவதும் ஊசியை வளைப்பதும் விரலில் குத்திக்கொள்வதற்கான நேர்வழி. முக்கால் நிறைந்ததும் பூட்டி மாற்றுங்கள். நிரம்பிய பெட்டிக்குள் அழுத்தும் கைதான் குத்துப்படும். பெட்டியைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற உயிரியல் கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். கறுப்புப் பையில் கட்டிக் கடைக் குப்பையிலோ வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குப்பைக் குழாயிலோ போட்டால், அடியில் அதைக் கையால் தூக்கும் துப்புரவாளரின் தொடையில் அது ஏறும். யாருடைய ரத்தம் என்று தெரியாமல் மாதக்கணக்கில் பரிசோதனைக்கு அலைபவர் அவர்தான்.

சட்டத்தில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2011 செப்டம்பர் முதல் எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்தும். அபாய மதிப்பீட்டை எழுத்தில் வைத்து, 3 ஆண்டுக்கு ஒருமுறையாவது, விபத்து நடந்தால் உடனேயும் திருத்த வேண்டும். நீங்கள் சம்பள ஊழியர். வேலையில் பட்ட காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தின் காப்பு உண்டு. நாற்காலி வாடகைக்கு எடுத்த நண்பர் சுயதொழில் செய்பவர். அவருக்கு அந்தக் காப்பு இல்லை. சொந்தக் காப்புறுதி எடுத்த பிறகு அவர் முதல் ஊசியைத் தொடுவது நல்லது.

கடைசிக் கேள்வி. ஊசி விரலில் ஏறியவுடன் வேலையை நிறுத்துங்கள். கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம், ப்ளீச் ஊற்ற வேண்டாம். திசுவைப் புண்ணாக்குவது கிருமிக்குத்தான் உதவும். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் தண்ணீரால் அலசுங்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். பலதுறை மருந்தகம் இரவில் திறந்திருக்காது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் சில மணி நேரத்தில் தொடங்கினால்தான் பலன் அதிகம். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பாற்றல் இல்லாதவருக்கு இம்யூனோகுளோபுலின் (ஆயத்த எதிர்ப்புப் புரதம்) ஊசியை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. ஹெபடைட்டிஸ் சி-க்கு முன்தடுப்பு மருந்து இல்லை. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் 8 முதல் 12 வார மாத்திரையில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் குணமாகிறார்கள். அதற்காகத்தான் அன்றைய ரத்த மாதிரியும், பிறகு மருத்துவர் சொல்லும் வாரங்களில் தொடர் பரிசோதனைகளும். முடிவு தெளியும்வரை ரத்ததானம் வேண்டாம், உறவில் ஆணுறை வேண்டும்.

இதில் பலரும் மறைத்துவிடும் ஒன்று உண்டு. உங்கள் விரலில் ஏறிய ஊசி மறுபடி வாடிக்கையாளரின் தோலைத் தொட்டிருந்தால், உங்கள் ரத்தம் அவருக்குள் போயிருக்கிறது. அந்த ஊசி உடனே பெட்டிக்குள் போக வேண்டும். நடந்ததை வாடிக்கையாளரிடம், குழந்தையென்றால் பெற்றோரிடம், அந்த நிமிடமே சொல்லுங்கள்; இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சம்மதம் கேளுங்கள், செலவைக் கடை ஏற்கட்டும். அவர் மறுத்தால் வற்புறுத்த முடியாது. அப்போது மருத்துவர் அவருடைய ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது என்ற கணக்கில் உங்களுக்கு மருந்தைத் தீர்மானிப்பார். அவருடைய தொடர்பு எண்ணைப் படிவத்திலிருந்து எடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். அவசரப் பிரிவில் அது கேட்கப்படும்.